கல்லெடுப்புச் சாமியும் கட்டி வெல்லமும்

எண்பத்தேழாம் வருஷம், சூளகிரியிலிருந்து பேரிகை போகும் பஸ்கள் அமாவாசை தோறும் இடதுபக்கமாகச் சாய்ந்தே ஓடின. படியில் தொங்கியவர்கள் இடதுபக்கம் தொங்கினார்கள். கூரையில் ஏறியவர்களும் இடதுபக்கமே உட்கார்ந்தார்கள். காரணம், கல்லெடுப்புச் சாமியின் கொட்டகை ரோட்டுக்கு இடதுபக்கம் இருந்தது. எல்லோருக்கும் முன்னால் தான் பார்த்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் அவசரம். பஸ் கவிழ்ந்தால் என்ன ஆவது என்று கண்டக்டர் கத்தினால், "சாமி பாத்துக்குவாரு, நீ விசில் குடுப்பா" என்று பதில் வந்தது.

சாமி அப்படி என்ன செய்தார்? நெஞ்சிலிருந்து கல் எடுத்தார்.

அந்தப் பக்கத்தில் வெங்கச்சங்கல் அரைக்கும் மாவு மில் ஒன்று இருந்தது. மலையை உடைத்து, பளபளவென்று மின்னும் அந்த வெள்ளைக் கல்லை எடுத்து, மாவாக அரைத்து, மூட்டை கட்டி, கண்ணாடி செய்யவும் பீங்கான் செய்யவும் லாரியில் அனுப்புவார்கள். மூட்டை கட்டும் அறையில் வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் வெளியே வரும்போது மாவில் புரட்டிய போண்டா மாதிரி இருப்பார்கள். ஒரு வருஷம் போனால் இருமல் வரும். இரண்டாம் வருஷம் மூச்சு வாங்கும். அதற்குப் பிறகு மேட்டில் ஏறுவதற்கு ஆள் துணை தேவைப்படும்.

இதற்குத்தான் சாமியிடம் வைத்தியம் இருந்தது. ஒரு பித்தளைக் குழாய். அதன் ஒரு முனையை நோயாளியின் நெஞ்சில் வைப்பார். மறுமுனையைத் தன் வாயில் வைத்து, கன்னம் ஒட்ட உறிஞ்சுவார். உடம்பு நடுங்கும். கண் மேலே சொருகும். பிறகு குழாயை எறிந்துவிட்டு, பித்தளைத் தட்டில் 'டங்' என்று ஒரு கல்லைத் துப்புவார். துப்பியதும் கை இரண்டையும் தூக்கி மூன்று பாஷையில் முழங்குவார்.

"வந்துச்சு! பந்து! வச்சிந்தி!"

தமிழாளுக்குத் தமிழ், கன்னடத்தாளுக்குக் கன்னடம், தெலுங்காளுக்குத் தெலுங்கு. எல்லையில் கடை போடுகிறவனுக்கு இந்தப் புத்திகூட இல்லாவிட்டால் எப்படி? முழங்கும்போது அவருடைய கடைவாயில் வெள்ளிப் பூண் போட்ட பல் ஒன்று மின்னும். அதை ஜோதி என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

இதற்கு முன் அவர் ஊத்தங்கரைச் சந்தையில் குழந்தைகளுக்குத் தொக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். வயிற்றை ஊதி, குழந்தை விழுங்கிய முடி, எலும்பு என்று எதையாவது துப்பிக் காட்டுகிற தொழில். ஓசூர்ப் பக்கம் ஆலைகள் முளைக்க ஆரம்பித்ததும், ஊரே பிழைப்புத் தேடி இங்கே வரும்போது தான் மட்டும் ஏன் முடியைத் துப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று யோசித்தார். முடியை விட்டார், கல்லுக்கு மாறினார். இதைத்தான் தொழில் வளர்ச்சி என்கிறார்கள்.

நெஞ்சுக்குள் கல் வந்தது எப்படி என்பதற்கும் சாமி காரணம் வைத்திருந்தார். "மலையம்மாவோட ஒடம்பை ஒடைக்கிறீங்க. அவ சும்மா இருப்பாளா? ஒடைச்சவன் நெஞ்சுல ஒரு கல்லை உக்கார வெச்சுடுறா." 

மில் முதலாளி மூர்த்திக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்துப் போயிற்று. பிடிக்காதா பின்னே? தூசி காரணம் என்றால் தூசியை அடக்க வேண்டும். மலையம்மா காரணம் என்றால் ஒரு தேங்காய் போதும். கொட்டகைக்குக் கீற்று அவர் உபயம். சாமிக்குப் பட்டுத் துண்டு அவர் உபயம். மேலும் ஒரு தர்மம் அவர் செய்துவந்தார். வேலை முடிந்து போகிற ஒவ்வொருவருக்கும் கேட்டில் ஒரு துண்டு வெல்லம். "வெல்லம் தின்னா தூசி கரைஞ்சு எறங்கிடும்" என்பது அவர் கொள்கை. தொழிலாளிகளும் அதை மருந்துபோல் வாங்கித் தின்றார்கள். வெல்லம் போவது ஒரு குழாயில், தூசி போவது வேறு குழாயில் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

சாமி எடுத்த கற்கள் எல்லாம் கருப்பு. ரோட்டுக்குக் கொட்டுகிற ஜல்லியின் நிறம். மில்லில் அரைப்பதோ வெள்ளைக் கல். வெள்ளை மாவு உள்ளே போய்க் கருப்பு ஜல்லியாக வெளியே வரும் அதிசயத்தையும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சாமி குற்றமாம்.

திம்மப்பன் என்ற மூட்டைக்காரனுக்குச் சாமி கல் எடுத்தார். "சுத்தமாயிட்டான்" என்று முதலாளி அவனை மறுபடி மூட்டை அறைக்கு அனுப்பினார். அடுத்த மழைக்காலத்தில் திம்மப்பன் செத்துப்போனான். "கெடா வெட்றேன்னு வேண்டிக்கிட்டான், வெட்டல" என்றார் சாமி. ஊரும் ஆமாம் என்றது. திம்மப்பனுக்குக் கிடா வாங்க வழியிருந்தால் அந்த அறைக்குள் ஏன் போகிறான்?

திம்மப்பனோடு மூட்டை கட்டிய ராமப்பனுக்கும் இருமல் வந்துவிட்டது. அவன் பெண்டாட்டி செல்லி அவனைச் சும்மா விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓசூரில் வஜிஹா என்ற டாக்டரிடம் போய் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்க வைத்தாள். அந்த டாக்டரம்மா முதலாளிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, ராமப்பனை மூட்டை அறையிலிருந்து கேட் காவலுக்கு மாற்ற வைத்தார். ஆனால் ராமப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஆடி அமாவாசையன்று பெண்டாட்டிக்குத் தெரியாமல் போய் ஒரு கல் எடுத்துக்கொண்டு வந்தான். வந்தவன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

"பாருடி, லேசா இருக்குது."

"தட்டும்போதே இருமற. என்னா லேசு?"

"கல்லு இருந்த எடம். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்குமாம்."

செல்லி மறுபடி அவனை ஓசூருக்கு இழுத்துப் போனாள். இருமல் ஆரம்பித்திருந்த நசருல்லாவும் கூடவே வந்தான். அவனும் மூட்டை அறை ஆள்தான். வாய் மட்டும் ஓயாது.

டாக்டர் வஜிஹா பழைய படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டிலும் மாவைத் தூவினது போல் வெள்ளைப் புள்ளிகள். புதியதில் கொஞ்சம் கூடவே இருந்தன.

"கல்லு எடுத்தாச்சே டாக்டரம்மா!" என்றான் ராமப்பன்.

"உள்ள கல்லே கிடையாது ராமப்பன். கண்ணுக்குத் தெரியற தூசிகூட அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும். கண்ணுக்கே தெரியாத மாவுதான் அடி வரைக்கும் போகுது. அது போய் என்ன பண்ணுதுன்னு சொல்றேன், கேளுங்க. நுரையீரலுக்குள்ள ஒரு வகை செல்லு சுத்திக்கிட்டே இருக்குது. காவக்காரன்னு வெச்சுக்குங்க. எது உள்ள வந்தாலும் அப்படியே முழுங்கிடும். கிருமி வந்தா முழுங்கிச் செரிச்சிடும். ரோட்டுத் தூசி வந்தா முழுங்கி, சளியோட மேல அனுப்பிடும்."

"நல்ல வேலைக்காரந்தான்" என்றான் நசருல்லா.

"ஆனா உங்க மில்லு மாவை முழுங்கினா, அதால செரிக்க முடியாது. அந்த மாவு அதோட வயித்தைக் கிழிச்சிடுது. செரிக்கிறதுக்கு வெச்சிருந்த திராவகம் உள்ளயே கொட்டி, செல்லு செத்துடுது. மாவு மட்டும் அப்படியே வெளிய விழுது. அடுத்த காவக்காரன் வர்றான். அதே மாவை முழுங்கறான். அவனும் சாவறான்."

"அடேயப்பா! அங்கயும் ஷிப்ட் போட்டுல்ல சாவறானுங்க! யூனியன் கிடையாதா டாக்டரம்மா?"

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "ஒவ்வொருத்தன் சாவும்போதும் அந்த எடத்துல உடம்பு ஒரு தழும்பு போடுது. அந்தத் தழும்புதான் இந்தப் புள்ளி. தழும்பு கூடக்கூட நுரையீரல் விரியாது. தழும்பைக் குழாய் வெச்சு உறிஞ்ச முடியாது. மாத்திரையும் கிடையாது. இனிமேலாவது அந்த மாவு உள்ள போகாம இருந்தா மேல மேல கெடறது கொறையும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். மறுபடி மூட்டை அறைக்குப் போனா இவர் எழுந்து நடமாட மாட்டார்."

செல்லி படங்களைச் சுருட்டிக்கொண்டாள். ஊருக்கு வந்ததும் கொட்டகைக்கே போய், சாமியிடமே காட்டினாள். சாமி படத்தைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வெள்ளை வெள்ளையா இருக்குது பாரு, அதெல்லாம் கல்லு உக்காந்திருந்த குழி. கல்லு போயிடுச்சு, குழி இருக்குது. மலையம்மா மனசு வெச்சா தூர்ந்துடும்."

கூட்டம் "ஆகா" என்றது. ஓசூர் மிஷின் தோற்றது, சாமி ஜெயித்தார்.

அந்த வாரமே பெங்களூரிலிருந்து மில்லுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. மூட்டை கட்ட ஆள் போதவில்லை. முதலாளி ராமப்பனைக் கூப்பிட்டார். "உனக்குத்தான் கல்லு எடுத்தாச்சே. கேட்டுல என்னா வேலை? வர்ற அமாவாசைக்கு மில்லுலயே சாமி வெச்சு பூஜை போடறோம். மிச்சம் மீதி இருந்தா எடுத்துக்க. மறுநாள் மூட்டை ரூமுக்கு வந்துடு."

ராமப்பன் தலையாட்டினான். அவனுக்கும் ஆசைதான். நோய் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பத்தானே தோன்றும்? செத்துக்கொண்டிருக்கிறாய் என்று சொல்லும் டாக்டரைவிட, பிழைத்துவிட்டாய் என்று சொல்லும் திருடன் இனிப்பாக இருப்பான்.

செல்லி அழவில்லை, சண்டை போடவில்லை. நசருல்லாவின் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். கல்லு எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஆளு உள்ரூமுக்குப் போயிட்டு வர்றாரே, வந்தப்புறம் வாய் தொறந்து பாத்திருக்கியா?"

"மௌன விரதமாம் தங்கச்சி. கல்லு எடுக்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

"எடுத்தப்புறம்?"

"எடுத்தப்புறம் வாயை மூட மாட்டாரு. மூணு பாஷை!" என்ற நசருல்லா சட்டென்று நிறுத்தினான். தன் கன்னத்தைத் தானே ஒரு விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டான். "அடப்பாவி!"

"உன் வீட்டுல சேத்து வெச்சிருக்கற மில்லு வெல்லத்தை எல்லாம் எடுத்துக் குடு" என்றாள் செல்லி.

அமாவாசை வந்தது. மில் முற்றத்தில் பந்தல், மைக் செட்டு, மலையம்மா படம். சுற்றுப்பட்டு ஊர் ஜனம் மதிலேறிக் குந்தியிருந்தது. முதலாளி வெள்ளை சஃபாரி உடுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாமி உள்ளறைக்குப் போய்விட்டு, உதட்டில் விரலை வைத்தபடி மௌனமாக வெளியே வந்தார். ராமப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தான். குழாய் நெஞ்சுக்கு வந்தது.

"சாமி, ஒரு சந்தேகமுங்க" என்று கூட்டத்திலிருந்து எழுந்தாள் செல்லி. "மலையம்மா கோவம் யாரு மேல? அவ மலையை ஒடைச்சவங்க மேலதானே?"

பேச முடியாது. சாமி தலையை ஆட்டினார். ஆமாம்.

"நாங்க கூலிக்கு ஒடைக்கறோம். மலையைக் குத்தகைக்கு எடுத்து ஒடைக்கச் சொன்னது மொதலாளி. அப்ப அவரு நெஞ்சுலதானே பெரிய கல்லு இருக்கணும்?"

சாமியின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. ஆட்டினால் முதலாளிக்கு ஆகாது. ஆட்டாவிட்டால் மலையம்மாவுக்கு ஆகாது. விளக்கம் சொல்லலாம் என்றால் வாயில் சரக்கு. பாவம், ஒரு மனுஷனுக்குத் தன் மௌன விரதமே இப்படி எதிரியாகக் கூடாது.

"அதானே!" என்றது மதில்மேல் ஒரு குரல். "மொதலாளிக்கு மொதல்ல எடுங்க சாமி!" என்றது இன்னொன்று. அக்கறையாகத்தான் சொன்னார்கள். முதலாளி நன்றாக இருந்தால்தானே மில் நன்றாக இருக்கும்!

மூர்த்தி சிரித்துப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். தனக்குக் கல் இருக்காது என்றால் ஏன் என்று கேட்பார்கள். மூட்டை அறைக்குள் கால் வைத்ததே இல்லை என்று எப்படிச் சொல்வது? வேறு வழியில்லாமல் ராமப்பனை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்து பொத்தானைக் கழற்றினார். அவருக்கும் சாமிக்கும் நடுவே செல்லி ஒரு தட்டை நீட்டினாள். அதில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி.

"நம்ம மில்லு வழக்கமுங்க. வெல்லம் தின்னாத்தான் தூசி எறங்கும். சாமி எத்தனை பேரு நெஞ்சை உறிஞ்சறாரு, அவருக்குள்ள எவ்ளோ தூசி போயிருக்கும்! மொத வெல்லம் சாமிக்கு."

சாமி தலையை ஆட்டினார், இந்த முறை குறுக்கே. செல்லி தட்டை எடுக்கவில்லை. கூட்டம் பார்த்தது. முதலாளி, நெஞ்சு திறந்து உட்கார்ந்திருக்கும் கூச்சம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தார்.

"வெல்லந்தானே, வாங்கிப் போட்டுக்குங்க சாமி. நல்லது. நான்தான் தினமும் எல்லாருக்கும் சொல்றேனே!"

கீற்று கொடுத்த கை, துண்டு போட்ட கை சொன்னால் தட்ட முடியுமா? சாமி வெல்லத்தை வாயில் போட்டார். அது வெறும் வெல்லம் இல்லை. செல்லி முந்தின நாளே மறுபாகு காய்ச்சி, உருட்டி, ஆறவைத்துக் கல்லாக்கிய உருண்டை. சாமி அதை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். மறு கன்னத்தில் ஏற்கெனவே வேறொன்று ஒதுங்கியிருந்தது. முகம் இரண்டு பக்கமும் புடைத்து, பொன்னுக்குவீங்கி வந்த பிள்ளைபோல் ஆயிற்று. உதட்டோரம் பாகு வழிந்தது.

"மென்னு முழுங்குங்க சாமி" என்றாள் செல்லி. "வெல்லம் எறங்காம கல்லு எப்படி மேல ஏறும்?"

"மெல்லுங்க சாமி! மெல்லுங்க!" என்றது கூட்டம், பக்தியோடு.

சாமி மென்றார்.

கடக்!

சத்தம் மைக் செட்டில் கேட்டது. "ஐயோ அம்மா!" என்று மௌன விரதம் முடிந்தது. முதலாளியின் வெள்ளை சஃபாரி மடியில் வெல்லப்பாகு, ஒரு கருப்பு ஜல்லி, வெள்ளிப் பூண் போட்ட பாதிப் பல் எல்லாம் ஒன்றாகக் கொட்டின.

நெஞ்சில் வைக்கவேண்டிய குழாய் இன்னும் சாமியின் கையில்தான் இருந்தது. முதலாளியின் நெஞ்சைத் தொடவே இல்லை. கல் மட்டும் வந்துவிட்டது.

பிறகு நசருல்லா இரண்டு கையையும் தூக்கினான்.

"மொதலாளி நெஞ்சுல பல்லு மொளைச்சிருக்குதுடோய்! பல்லு வந்துச்சு! ஹல்லு பந்து! பன்னு வச்சிந்தி!"

மதில் குலுங்கச் சிரித்தது ஜனம். அந்தச் சிரிப்போடேயே நசருல்லா உள்ளறைக்குள் ஓடி ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தான். டப்பா நிறைய ரோட்டு ஜல்லி, கழுவித் துடைத்து, வாய்க்குத் தக்க அளவில். கூட்டம் டப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் சாமி மதில் தாண்டிவிட்டார். அன்றைக்குக் கர்நாடகம் பக்கம் போன ஏதோ ஒரு லாரியில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பாஷையிலும் முனகிய ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

எல்லோரும் சிரிக்கும்போது ராமப்பன் மட்டும் சிரிக்காமல் நின்றிருந்தான். தரையில் கிடந்த ஜல்லி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"அப்ப எனக்கு எடுத்தது?"

"அதுவும் இந்த டப்பாதான்" என்றாள் செல்லி.

"திம்மப்பனுக்கு?"

கூட்டத்தின் சிரிப்பு அங்கேதான் நின்றது. திம்மப்பனைத் தூக்கிய தோள்கள் பல அங்கே இருந்தன.

"நாளைக்கு நான் மூட்டை ரூமுக்கு வரலீங்க" என்றான் ராமப்பன் முதலாளியிடம். மடியைத் துடைத்துக்கொண்டிருந்த முதலாளி நிமிர்வதற்குள் நசருல்லா, "நானும் வரலீங்க" என்றான். அப்புறம் ஒவ்வொருவராக, அந்த அறைக்குப் போகிற எல்லோரும். "தண்ணி தெளிச்சு அரைங்க. தூசியை இழுத்து வெளிய தள்ற விசிறி போடுங்க. அப்புறம் வரோம்" என்றார்கள். ஆர்டர் வந்து காத்துக்கொண்டிருக்கிறது. முதலாளி ஒரு வாரம் முறைத்துப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் குழாய் வந்தது. அதற்குப் பின்னால் விசிறியும் வந்தது. மலையம்மா கோபம் அதோடு பெருமளவு தணிந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். கேட்டில் வெல்லமும் நின்றுபோயிற்று. "வெல்லம் தூசியைக் கரைக்காது, சாமியைத்தான் கரைக்கும்" என்று நசருல்லா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ராமப்பன் குணமாகவில்லை. கதை என்பதற்காகப் பொய் சொல்ல முடியாது. தழும்பு தழும்புதான். பேரிகைச் சந்தையில் தக்காளி எடை போடுகிற இடத்தில் உட்கார்ந்த வேலை பார்க்கிறான். மேட்டில் நின்று நின்றுதான் ஏறுகிறான். ஆனாலும் ஏறுகிறான்.

ஊர் திருந்திவிட்டதா என்றால், அந்தப் பாதிப் பல்லை யாரோ ஒருவர் மஞ்சள் துணியில் முடிந்து வீட்டில் மாட்டியிருப்பதாகக் கேள்வி. பல்வலிக்கு நல்லதாம்.

டாக்டரம்மா சொன்ன காவல்காரச் செல்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குக் கண் இல்லை, மூளை இல்லை, பல்லும் இல்லை. எது வந்தாலும் அப்படியே விழுங்குகின்றன, விழுங்கிச் சாகின்றன. அவற்றின்மேல் குற்றம் சொல்ல முடியாது. உங்களுக்கு மூன்றும் இருக்கின்றன. அடுத்த சாமி வந்து எதையாவது நீட்டும்போது, விழுங்குவதற்கு முன் ஒரே ஒரு தடவை மென்று பாருங்கள்.